4294967297 பகா எண்ணா?

வணக்கம். 600க்குக் கீழுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தும் மீதி வந்துகொண்டே இருப்பதால் 4294967297 பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி முடிவுகட்ட இயலாது. இதன் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டுவதால் அதுவரை தேடியாக வேண்டும். ஆனால் உங்களுக்கு விடை மிக அருகிலேயே இருந்தது: 641 × 6700417 = 4294967297. இவ்விரண்டும் பகா எண்கள்.

இந்த எண் 2இன் 32ஆம் அடுக்குடன் 1ஐக் கூட்டக் கிடைப்பது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் சென்றால் கிடைக்கும் இவ்வகை எண்களில் முதல் ஐந்தான 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக அமைந்ததால், 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா எல்லாமே அப்படித்தான் என்று நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதைத் தகர்த்தார். இதன் பகாக் காரணி எதுவாயினும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாகவே 641 வந்துவிடுகிறது.

வகுக்காமலும் சரிபார்க்கலாம் (எனக்குப் பிடித்த வழி இதுதான்). 641 = 5 × 128 + 1 என்பதால், 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியை −1 எனக் கொள்ளலாம்; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1 ஆகும். மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ ஆதலால் 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம்; எனவே −2³²இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.