கேமரா கணக்கு சர்வரோடு பேச வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். 20 கம்ப்யூட்டர், கணக்குக்கு ஒரு சர்வர், 16 கேமரா, வருகிறவர்களுக்கு வைஃபை. ஆன்டிவைரஸ் உண்டு, போன வருடம் ஃபயர்வாலும் வாங்கினோம். போதுமா, இன்னும் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவது இருக்கட்டும். முதலில் உங்கள் போனை அந்த வைஃபையில் இணைத்து, பிரவுசரில் கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்) அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வருகிறதா? அப்படியென்றால் சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவரின் போனுக்கும் வரும். ஃபயர்வால் இன்டர்நெட் வாசலில்தான் காவல் நிற்கிறது. உள்ளே எல்லாக் கருவிகளையும் இணைக்கும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் நடப்பது அதன் கண்ணில் படாது.

2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நடந்தது இதுதான். குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகினைத் திருடி நுழைந்தவர்கள், பில் போடும் இயந்திரம் வரை போய், சுமார் 4 கோடி கார்டு விவரங்களை அள்ளினார்கள். ஏசிக்காரருக்கும் கல்லாவுக்கும் நடுவே உருப்படியான சுவர் இல்லை. திருடன் வரவே கூடாது என்று நினைப்பது சரி. வந்துவிட்டால் எதுவரை போவான் என்று யோசித்துக் கட்டுவதுதான் பாதுகாப்பு வடிவமைப்பு.

ஒரு தாளில் யார் யாரோடு பேச வேண்டும் என்று கோடு போடுங்கள். கேமரா டிவிஆரோடு மட்டும். வெளியாள் போன் இன்டர்நெட்டோடு மட்டும். கணக்குப் பிரிவு சர்வரோடு, அதுவும் தேவையான போர்ட்டில் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) மட்டும். கணக்கு விவரங்கள் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் மென்பொருளில் இருந்தால் அந்த எண் வழக்கமாக 1433. கோடு இல்லாத இடமெல்லாம் அடைப்பு. இப்படிப் பிரிக்க விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போட வேண்டும், அதற்கு நாமே அமைப்பை மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் இதற்குச் செய்யுங்கள்.

பிறகு, பிரித்த பகுதிகளுக்கு நடுவிலும் காவல் நிற்கப்போகும் ஃபயர்வாலின் விதிகளைத் திறந்து பாருங்கள். ‘எனி டு எனி, அலவ்’ (யாரும் யாரோடும் பேசலாம்) என்று ஒரு வரி மேலேயே உட்கார்ந்திருக்கும். ‘கனெக்ஷன் வரலை’ என்று போன் போன அன்று, சர்வீசுக்கு வந்தவர் அவசரத்துக்குப் போட்டுவிட்டு மறந்தது. அது இருக்கும்வரை கீழே உள்ள விதிகள் வெறும் அலங்காரம். அனுமதித்தது போக மீதி எல்லாம் மறுப்பு, ஒவ்வொருவருக்கும் வேலைக்கு வேண்டிய அளவே அதிகாரம் என்பதை கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் பட்டியலில் உண்டு. 15 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னால் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள், வேறென்ன செய்வார்கள்?

பேக்கப் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகியிருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்களில் (யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள்) கானாவில் இருந்த ஒன்றுதான் பிழைத்தது. அந்த நேரம் அங்கே கரன்ட் இல்லை! நீங்கள் கரன்ட் கட்டை நம்ப வேண்டாம். இரண்டு டிஸ்கை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு லெட்ஜரை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே வைஃபையில் அதே முகவரியை மறுபடி அடியுங்கள். இப்போது லாகின் பக்கம் வரக்கூடாது.