தளை எங்கே தட்டுகிறது?

தம்பி, "பனைமர நிழலில் பாட்டன் இருந்தார்" என்ற உங்கள் வெண்பா அடி தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு ஒட்டும் கட்டு) தட்டுகிறது என்று நல்லூர் ரியூசன் வாத்தியார் சொன்னது சரிதான். ஒரு குறிலோ நெடிலோ தனியே நிற்பது நேர் அசை; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்வது நிரை அசை; பின்வரும் மெய் கணக்கில்லை. பனை/மர கருவிளம் (நிரை நிரை); நிரையில் முடியும் விளத்துக்குப் பின் நேர் வேண்டும். நிழ/லில் நிரையில் தொடங்குகிறது. அது புளிமாவும்கூட (நிரை நேர்), நேரில் முடியும் மாவுக்குப் பின் நிரை வரவேண்டிய இடத்தில் 'பாட்' என்று நேர் நிற்கிறது. ஒரே சொல்லால் இரண்டு உடைவு! 'நீழலில்' என்று நீட்டிப் பாருங்கள்: நீ/ழலில் கூவிளம் (நேர் நிரை), இரண்டு பக்கமும் ஒட்டிவிடும்.

பனை, பாட்டன் மோனை (முதலெழுத்து ஒன்றுவது) நல்லாயிருக்கிறது, கை வைக்கவேண்டாம். அடுத்த அடியின் 'பானை' 'பனை'க்கு எதுகையாகாது. எதுகைக்கு இரண்டாமெழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தின் அளவும் (குறிலா நெடிலா என்பது) ஒக்கவேண்டும். 'மனை', 'சுனை' என்று தேடுங்கள். 'நிழல்' அதே பொருளில் திரும்பத் திரும்ப வருவது குற்றமில்லை, சொற்பொருள் பின்வருநிலையணிதான். ஆனால் நாலடியிலும் என்றால் எனக்குக் கொஞ்சம் சலிக்கும்.