வைரஸ் இருக்கிறது என்று கத்துவது யார், அதை முதலில் பாருங்கள்

கேள்வி: கம்ப்யூட்டரில் "வைரஸ் தாக்கியுள்ளது, உடனே இதை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று அடிக்கடி வருகிறது. இது உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அனேகமாக உங்களுக்கு வலது பக்கக் கீழ் மூலையில்தான் அது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனியின் லோகோ, சிவப்பில் ஒரு ஆச்சரியக்குறி, "சந்தா முடிந்துவிட்டது" என்று ஒரு வரி. என் மாமனாருக்கும் அதேதான் வந்தது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்போதைய போலிகள் அசலைவிடச் சுத்தமாக எழுதுகிறார்கள், லோகோவும் அப்படியே இருக்கும். என்ன சொல்கிறது என்பதை விடுங்கள், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குரோம், எட்ஜ் மாதிரி ஒரு பிரவுசருக்குள்ளிருந்து வந்தால் அது ஒரு இணையதளம் பேசுகிறது, அவ்வளவுதான். இணையதளத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் செய்ய முடியாது. தெருவில் நின்றுகொண்டு உங்கள் பீரோவுக்குள் கரையான் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் நம்புவீர்களா? திரையில் விறுவிறுவென்று ஓடும் அந்த ஃபைல் பெயர்களும் சதவீதமும் வெறும் அனிமேஷன். செல்போனில் திறந்தாலும் சில பக்கங்கள் சி டிரைவில் வைரஸ் என்று காட்டும். செல்போனில் ஏது சி டிரைவ்?

மாமா வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர், ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்க மாட்டார். இலவசமாக கிரிக்கெட் காட்டும் ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அல்லோ' பட்டனை அழுத்தவும்" என்று கேட்டதாம். ரோபோ இல்லைதானே, அழுத்திவிட்டார். அப்புறம் பிடித்தது சனி. சர்வீஸ் கடையில் கேட்டதற்கு "ஃபார்மட் போடணும் சார், 1,500 ஆகும்" என்றிருக்கிறார்கள். (எல்லாக் கடையையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் எதை எடுத்தாலும் ஃபார்மட் என்கிற வைத்தியம் எனக்குப் பிடிக்காது.)

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி உட்கார வைத்தேன். அடுத்த எச்சரிக்கை வந்ததும் அதில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கூகுள் குரோம் என்றும் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தள முகவரியையும் படித்தார். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் 'அல்லோ' அழுத்த வைத்து, இப்படி அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். அந்த மாதிரிப் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக நீக்கினோம், சத்தம் அடங்கியது.

"ஏம்மா, அப்போ வைரஸே இல்லையா?"

"இல்லை மாமா. வைரஸ் இருக்குன்னு சொல்றதுக்கு நீங்களே அனுமதி கொடுத்திருக்கீங்க."

அதற்கு அவர் திருப்பிக் கேட்டார், "லேப்டாப் வாங்கினப்போ கூட வந்த ஆன்டிவைரஸும் இப்படித்தானே ஆபத்து ஆபத்துன்னு கத்துச்சு?" நியாயமான கேள்வி. டிரையல் காலம் முடிந்ததும் நிஜக் கம்பெனிகளும் இதே பாஷையில்தான் பயமுறுத்துகின்றன. அப்புறம் வயதானவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சிரித்தால் எப்படி? அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடையிலேயே இப்படிப் பயமுறுத்தி வியாபாரம் நடந்தது. கம்ப்யூட்டரைச் சோதிக்கும் முன் நான்கு கேள்விகள்: மெதுவாக ஓடுகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, விளம்பரம் குதிக்கிறதா. ஒன்றில் டிக் அடித்தாலே மால்வேர் (வைரஸ் மாதிரி கெடுதல் செய்யும் மென்பொருள்) அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும், ஸ்கேனில் என்ன கிடைத்தாலும் சரி. 2019-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டு அந்தக் கடை 2.5 கோடி டாலர் கட்டியது, அந்தச் சோதனை மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனம் 1 கோடி டாலர் கட்டியது.

நம்ம ஊர்க் கடைகளும் சும்மாவா? ஒரு கைக்குட்டை வாங்கினாலும் பில் போடுகிற இடத்தில் போன் நம்பர் கேட்கிறார்கள். தர மாட்டேன் என்றால் திருடியைப் பார்ப்பது போல் ஒரு பார்வை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லித் தீர வேண்டும் போலிருந்தது.

இன்னொரு ரகம், திரை முழுக்க நீலமாகிக் குரலும் கொடுத்து "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்பது. போன் நம்பர் இருந்தாலே போலி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் எண் கொடுப்பதில்லை. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். இல்லாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையா, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடி நீங்களே திறந்து ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது, சந்தா கேட்காது. "இது போதாது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடு" என்று சொல்ல வரும் அண்ணன்மார்களே, என் மாமனாருக்கு நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள், காபி தருகிறேன்.

அவர்கள் சொன்னதை ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள் என்றால் அதை நீக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற ஒன்றின் வழியாக யாரையாவது உள்ளே விட்டிருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கார்டு விவரம் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள். பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.