ஒரு காலத்தில் நன்றாகத் தெரியும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "முன்பு நன்றாக வரும், இப்போது சுத்தமாக வரமாட்டேன் என்கிறது." வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரை கேரள-தமிழ்நாடு எல்லையோரத்து வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

மாஷே (ஆசிரியரே), கொழிஞ்சாம்பாறையில் 7-ஆம் வகுப்பு வரை மலையாளம் மீடியத்தில் படித்தேன். அப்புறம் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டோம். 25 வருடம் கழித்து இப்போது ஊர் திரும்பியிருக்கிறேன். பேச்சு வருகிறது. ஆனால் பஞ்சாயத்து நோட்டீஸை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியவில்லை. மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கணுமா?

வேண்டாம் அம்மா. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. எல்லோரும் இதை மட்டும்தான் சொல்வார்கள். அவர் அளந்த விதத்தைப் பாருங்கள்: மறந்ததைத் திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. தலையும் வாலும் இல்லாத அசைகளுக்கே அப்படி என்றால், ஏழு வருடம் அடிபட்டுப் படித்த எழுத்துக்கு எவ்வளவு இருக்கும்!

அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்பவர் பள்ளி, கல்லூரியில் ஸ்பானிஷ் படித்த 733 பேரைச் சோதித்து 1984-இல் எழுதினார். சிலர் படித்து முடித்து 50 வருடம் ஆகியிருந்தது. முதல் 3 முதல் 6 வருடங்களில் மளமளவென்று சரிந்தது. அதற்குப் பிறகு 25, 30 வருடம் அதிகம் குறையவே இல்லை. முதலில் நன்றாகப் படித்தவர்களுக்கு அதிகம் தங்கியிருந்தது. உங்களுக்கும் போக வேண்டியது எப்போதோ போயாயிற்று. மிச்சம் இருப்பது அப்படியே இருக்கும்.

என்ன செய்யலாம்? பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டைப் பாருங்கள். வண்டித்தாவளமா, நெம்மாறையா என்று முதலில் நீங்களே சொல்லிவிட்டு, அப்புறம் கண்டக்டரிடம் கேளுங்கள். இந்த வரிசை முக்கியம். கேட்டுவிட்டுப் பார்த்தால் பலனில்லை. தனி எழுத்துகள் சீக்கிரம் வந்துவிடும். படுத்துவது கூட்டெழுத்துகள்தான். தினம் செய்தித்தாளில் நாலு தலைப்பு படியுங்கள். மறுநாள் காலை பேப்பரைத் தொடாமல் அவற்றை எழுதிப் பாருங்கள். நோட்டீஸ் படிக்கும் அளவுக்குச் சில வாரங்களில் வந்துவிடுவீர்கள் என்பது என் கணிப்பு.

கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். கைடை நான்கு முறை புரட்டியும் வைக்கம், குருவாயூர் என்று வருடங்கள் குழம்புகின்றன.

தம்பி, இது மறதியில்லை, மோதல். வைக்கம் சத்தியாகிரகம் 1924, குருவாயூர் சத்தியாகிரகம் 1931, திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936. மூன்றும் ஒரே சாயலில் இருப்பதால் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. தனித்தனியாக உருப்போடாமல், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எதற்கு வழிவிட்டது என்று ஒரு கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

நான்கு முறை புரட்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், படித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். கைடைப் புரட்டுகிறவர்கள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத் தெளிவில்தான்.

பாளை சீவி கள் இறக்கிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய் 10 வருடம் ஆச்சு. இப்போது மறுபடி மரம் ஏறலாம் என்று இருக்கிறேன். கை மறந்திருக்குமா?

கை மறக்காது, உடம்புதான் மறக்கும். ஆபத்தும் அங்கேதான். சைக்கிள், நீச்சல், மரம் ஏறுவது போலத் தொடர்ச்சியாக உடம்பு அசையும் வேலைகள் பல வருடம் கழித்தும் வரும். தளைநாரை மாட்டியதும் கால் தன்னாலே வைக்கும். ஆனால் பிடியின் பலமும் மூச்சும் சில மாதங்களிலேயே குறைந்துவிடுகிற சமாச்சாரம். பாதி மரத்தில், "இது எனக்குத் தெரிந்த வேலைதானே" என்று மனசு சொல்லும், முன்கை ஒத்துழைக்காது.

இன்னொன்றும் மழுங்கியிருக்கும்: பதம் பார்க்கிற நுணுக்கம். பாளையைக் கட்டி, எலும்பாலோ கட்டையாலோ எவ்வளவு இதமாகத் தட்டுவது, நுனியை எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது, எந்த நாளில் ஊற ஆரம்பிக்கும் என்பதெல்லாம் தினமும் மரத்தைப் பார்த்துப் பார்த்து வருவது. முதலில் குட்டை மரம், இடுப்பில் கயிறு, கீழே ஓர் ஆள். தொழிலில் இருக்கிறவர் பாளையைத் தட்டும்போது பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். அடுத்து எப்போது சீவுவார் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய வேகத்தை முதல் மாதம் எதிர்பார்க்க வேண்டாம்.

நெல்லியாம்பதியில் ஜீப் ஓட்டுகிறேன். போன வருடம் முதலுதவிப் பயிற்சி எடுத்தேன், சான்றிதழ் இருக்கிறது. இப்போது வரிசையே நினைவில்லை.

முதலில் போவது இந்த வகைதான். படிப்படியான வரிசை, அதுவும் நிஜத்தில் எப்போதாவது வருவது, 3 முதல் 6 மாதங்களில் தேய்கிறது. சான்றிதழ் ஜீப்பில் தொங்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தலையணையை வைத்துச் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் அசைவில்லாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவில் குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடணும். வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

பாலக்காட்டில் ஃபிளாட்டுக்கு வந்த பிறகு அம்மா கோலமே போடுவதில்லை. பொங்கலுக்குச் சிக்குக்கோலம் போட உட்கார்ந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வயது 66. பயமாக இருக்கிறது.

புள்ளியை மட்டும் நீங்கள் வைத்து, முதல் வளைவையும் போட்டுக் கொடுங்கள். அதிலிருந்து பிடித்துக்கொண்டு முடித்துவிட்டால், பெரும்பாலும் பழக்கம் விட்டதுதான். வாரம் ஒரு நாள் போடச் சொல்லுங்கள், சரியாகும். தெரிந்த தெருவில் வழி தடுமாறினாலோ, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, அடுப்பை அணைக்க அடிக்கடி மறந்தாலோ கோலத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைக் கொடுக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.