வாசகர் கேள்விகள்: மறதி, மூளை, கொஞ்சம் காது

சென்ற முறை முதுமை மறதியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தினமும் வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, உப்புவெளி)

வல்லாரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஞாபகசக்திக்கு என்று விற்கும் தூளுக்கும் கப்சியூலுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். இதே மாதிரிப் பேர்போன ஜிங்கோ என்ற இலைச்சாற்றுக் குளிசையை அமெரிக்காவில் 3000 பேரை வைத்து ஆறு வருடமளவில் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஜிங்கோ எடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் மறதி ஒரே அளவில்தான் வந்திருந்தது. சம்பலில் உப்பைப் பார்த்துப் போடுங்கள். கருவாடு, மாசி, ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளில் ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் போகக்கூடாது. அப்புறம், பிரஷரை அளந்து பாருங்கள். வல்லாரையைவிட அது உங்கள் மூளைக்கு உதவும்.

கேள்வி: வயது 48. ஹோட்டல் வேலை. பிரஷர் 150/95 என்று குளிசை தந்தார்கள். தலையிடி, தலைசுற்று எதுவும் இல்லாததால் நிறுத்திவிட்டேன். பிரஷருக்கும் மறதிக்கும் தொடர்பு இருக்கிறதா? (வாசகர், நிலாவெளி)

இருக்கிறது, அதுவும் உங்கள் வயதில். பிரஷருக்குத் தலையிடி வரவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அது எந்தச் சத்தமும் இல்லாமல் மூளையின் சின்னச் சின்ன இரத்தக்குழாய்களைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். நாற்பதிலும் ஐம்பதிலும் கவனிக்காமல் விட்ட பிரஷர், எழுபதில் மறதியாக வந்து நிற்கும். அமெரிக்காவில் 9000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு மேல் இலக்கத்தை 120க்குக் கீழே இறக்கினார்கள், மற்றவர்களுக்கு 140க்குக் கீழே. 2019இல் வெளியான முடிவின்படி, மறதி நோய்க்கு முந்திய தடுமாற்ற நிலை முதல் பகுதியினரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்களுக்கு 130க்குக் கீழே இருந்தால் நல்லது. இந்தக் கிழமைக்குள் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

கேள்வி: வாப்பாவுக்கு வயது 74. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். யாரோடும் பேச்சில்லை. ரீவியை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். தேநீர்க் கடைப் பக்கமும் இப்போது போவதில்லை. அறளை பெயர்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா? நாற்பது வருடம் எஞ்சின் போட்டில் கடலுக்குப் போனவர். (வாசகர், கிண்ணியா)

கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாற்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். அவருடைய காதை யாராவது சோதித்தீர்களா?

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். பல் விழுந்தால் பல் கட்டுகிறோம். காது மந்தமானால் மட்டும் வயது போய்விட்டது என்று சும்மா இருந்துவிடுகிறோம். பிறகு அந்த மனிதரைப் பேச்சிலிருந்தே ஒதுக்கிவிடுகிறோம். என் அம்மம்மாவுக்கும் இதுதான் நடந்தது. நான் அப்போது வைத்தியம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மம்மாவுக்கு அறளை என்று வீட்டில் சொன்னதை நானும் நம்பினேன். அவர் விறாந்தையில் தனியே இருப்பார். ஒரு விடுமுறையில் காதருகே குனிந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். நான் பிறந்த அன்று பெய்த மழை, யார் வண்டி பிடித்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னார். அதற்குப் பிறகும் நாங்கள் யாரும் அவரைக் காதுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவில்லை. இன்னொரு வீட்டில் அதே தவறு நடந்தால் எனக்குப் பொறுக்காது.

எஞ்சின் சத்தமும் வயதும் கெடுப்பது முதலில் மெல்லிய, கூர்மையான ஓசைகளைத்தான். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பத்து, சத்து, கத்து மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே விழும். நீங்கள் 'பத்து மணியா?' என்று கேட்க, அவர் வேறெதையோ சொல்வார். பேரப்பிள்ளைகளின் குரல்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். கத்திப் பேசினால் இன்னும் குழம்பும். முகத்தைப் பார்த்து, ஃபேனையும் ரீவியையும் நிறுத்திவிட்டு, ஆறுதலாகப் பேசிப் பாருங்கள்.

மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அரைகுறையாக விழும் சொல்லைப் பிரித்தறியவே மூளையின் பலம் போய்விடுகிறது, நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. வெட்கத்தில் ஆட்களை விட்டு ஒதுங்குவது அடுத்தது. உங்கள் வாப்பா தேநீர்க் கடையை விட்டது அதனால் இருக்கலாம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல், மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் காது மந்தமும் கெட்ட கொலஸ்ரோலும் முதலிடத்தில் இருக்கின்றன. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 வயது தாண்டிய ஆயிரம் பேரளவில் மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் காதுக்கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து கூடியவர்களில், கருவி போட்டவர்களின் நினைவுச் சரிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனக்கு இது போதும்.

ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். முதலில் காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசியும் தீக்குச்சியும் சூடான எண்ணெயும் காதுக்குள் போகக்கூடாது. பிறகு காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். கருவி தந்தால் முதல் நாளே பிடிக்காது. தட்டுச் சத்தமும் காற்றுச் சத்தமும் காதைக் குடையும். நாளுக்கு ஒரு மணித்தியாலத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனால் சில கிழமைகளில் பழகும். எத்தனையோ கருவிகள் அலுமாரிக்குள் கிடப்பது இந்தப் பொறுமை இல்லாததால்தான். தொழுகைக்கு முன் வுழூ எடுத்துக் கழுவும்போதும் குளிக்கும்போதும் கழற்ற ஞாபகப்படுத்துங்கள். நம் கடற்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது, இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பாவில் மூடி வையுங்கள். காது மந்தமும் மறதியும் ஒருவருக்குச் சேர்ந்தே வரலாம். அதனால் காதைச் சரிசெய்த பிறகு ஞாபகசக்தியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அந்த 'அறளை' என்ற சொல்லை அவர் முன்னால் பாவிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு மறதி இருக்கிறது. நல்ல மருந்து சொல்லவும். (பெயரும் ஊரும் இல்லை)

வயது என்ன? எதை மறக்கிறீர்கள்? எத்தனை மாதமாக? என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள்? இது ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன செய்வது? ஒரு பொறுப்பான வைத்தியரும் இப்படிக் கேட்பவருக்கு மருந்து சொல்ல மாட்டார். திரும்பி வரக்கூடிய மறதிகளும் உண்டு. தைரொய்ட் குறைந்தாலும் விட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். நித்திரைக் குளிசை, தடிமனுக்கு எடுக்கும் பிரிட்டோன் எல்லாம் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பிரஷர் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போக வேண்டாம்.

கேள்வி: சுடோக்கு போட்டால் மூளை கூர்மையாகுமா? (மாணவி, மூதூர்)

சுடோக்குவில் கூர்மையாகும். வேறெதிலும் அதிகம் இல்லை. புதிதாக ஒரு மொழியோ வாத்தியமோ படியுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61, சீனி வருத்தம் உண்டு. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, தனியாக நடக்க வேண்டுமா? (உவர்மலை)

வேண்டும், ரீச்சர். கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. கூட்டித் துடைப்பதில் அந்த வேகம் வருவது குறைவு. திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால், இந்த ஊரில் அதைவிட நல்ல நடை கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பின்லாந்தில் 1260 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் உடற்பயிற்சி, சாப்பாடு, மூளைப் பயிற்சி, பிரஷர் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவில் அவர்களின் நினைவுச் சோதனைகள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. அதனால் நடை மட்டும் போதாது, சீனியையும் பாருங்கள். பிரஷரையும் அளந்து பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 80 வயதில் மறதி நோய் வந்தது. எனக்கும் வருமா? (வாசகி, பாலையூற்று)

கட்டாயம் வரும் என்று இல்லை. பெற்றோரிடமிருந்து நேராக வரும் வகை மிக அரிது. அது பெரும்பாலும் அறுபதுக்கு முன்பே தொடங்கும். உங்கள் அம்மாவுடையது அப்படித் தெரியவில்லை. மற்றவர்களைவிட உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். மேலே சொன்ன 14 காரணங்களும் இல்லாமல் போனால் நூற்றுக்கு 45 பேருக்கு மறதியைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று அந்தக் குழு கணக்கிட்டது. பயப்படுகிற நேரத்தில் கொலஸ்ரோலைச் சோதியுங்கள், கண்ணில் கற்றரக் இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் மூவரும் கனடாவில். அம்மா தனியே. தினமும் வீடியோவில் பேசுகிறோம். போதுமா? (தம்பலகாமத்திலிருந்து போனவர்)

பேசுவதை விட வேண்டாம். ஆனால் தனிமையும் அந்த 14இல் ஒன்று. பத்து நிமிடத் தொலைபேசிக்குப் பிறகு மிச்ச நாள் முழுக்க அம்மா யாரோடு பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கோயில் பூச்சரம் கட்டுகிற கூட்டமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பதோ, ஏதாவது ஒன்று வேண்டும். அவரைத் தேடி ஆட்கள் வர வேண்டும், அவரும் யாருக்காவது வேண்டப்பட்டவராக இருக்க வேண்டும். அனுப்புகிற காசில் கொஞ்சம் ஓட்டோவுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். அத்துடன் அவருக்குக் காது கேட்கிறதா என்றும் பாருங்கள். வீடியோவில் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: இரவில் ஒரு கிளாஸ் சாராயம் மூளைக்கு நல்லதா? (வாசகர், சீனக்குடா)

இல்லை. கூடக்கூட மூளை சுருங்கும். குடித்துவிட்டு ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போகிறவராக இருந்தால், அதையும் இன்றே விடுங்கள். தலையில் படும் அடியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பின்னால் ஏறும் மனைவிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள்.