காட்டுக்குக் கிட்டே போய்ப் பாருங்கள்

கேள்வி: ‘நாம் இருப்பதால்தான் நான் இருக்கிறேன்’ என்கிறது ஆப்பிரிக்காவின் உபுண்டு தத்துவம். தனிமனித உரிமை மேற்கத்தியச் சரக்கு, சமூகம்தான் பெரிது என்று அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் இதழுக்கு இதழ் உரிமை, உரிமை என்று எழுதுகிறீர்கள்?

பதில்: மரத்தடியில் பழக்கூடை, முதலில் வருபவருக்கே அது என்று சொன்னாலும் கைகோத்துச் சேர்ந்தே ஓடும் பிள்ளைகள்... அந்த உபுண்டு கதை எனக்கும் வாட்ஸ்அப்பில் ஐந்தாறு முறை வந்துவிட்டது. நல்ல கதைதான். ஆனால் ‘எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நீங்கள் சொல்லும் வாசகத்தை 1969-இல் எழுதிப் பரப்பியவர் கென்யாவின் சிந்தனையாளர் ஜான் எம்பிட்டி. நைஜீரியாவில் பிறந்த தத்துவ அறிஞர் இஃபியானி மென்கிட்டி 1984-இல் அதை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார். பிறந்த மாத்திரத்தில் யாரும் முழு மனிதராகிவிடுவதில்லை. சமூகத்துக்குள் கடமைகளைச் செய்து செய்துதான் ஆளாக வேண்டும், அதில் தோற்றும் போகலாம் என்றார். அதற்கு அவர் காட்டிய சான்று இழவு வீடு. குழந்தை செத்தால் சடங்கு சுருக்கம், பெரியவர் செத்தால் விமரிசை.

இதற்கு மறுப்பு மேற்கிலிருந்து வரவில்லை, கானாவிலிருந்து வந்தது. அந்நாட்டுத் தத்துவ அறிஞர் குவாமே ஜெச்சே தம் அக்கான் இன மக்களின் பழமொழிகளையே எடுத்துப் போட்டார். குலம் காடு மாதிரி; தூரத்தில் ஒரே கும்பலாகத் தெரியும், கிட்டே போனால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்கும். அப்புறம் இன்னொன்று: எல்லோரும் கடவுளின் பிள்ளைகள், மண்ணின் பிள்ளை யாருமில்லை. அப்படியானால் மனித மதிப்பு பிறப்போடு வருவது, ஊர் கொடுப்பதல்ல. ஆனாலும் உரிமையை விடக் கடமைக்கே அவர் அதிக இடம் கொடுத்தார். ‘அப்படியென்றால் உமக்கும் மென்கிட்டிக்கும் என்னய்யா வித்தியாசம்?’ என்று அவரையும் பிடித்துக்கொண்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, தத்துவம் இருக்கட்டும். கென்யத் தலைநகர் நைரோபியில் பெயர்பெற்ற வழக்கறிஞர் எஸ்.எம். ஒட்டியனோ 1986 டிசம்பர் 20-இல் இறந்தார். அவர் லுவோ இனத்தவர், மனைவி வாம்புயி கிக்குயு இனத்தவர். நைரோபிக்கு அருகிலேயே அடக்கம் செய்ய வேண்டும், அதுதான் அவர் விருப்பம் என்றார் மனைவி. ஒட்டியனோவின் உமிரா காகர் குலத்தாரோ, லுவோ ஆண்மகன் பிறந்த மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று வழக்காடினார்கள். ஒட்டியனோ தன் அப்பா சமாதிக்குப் பக்கத்தில் தனக்குக் குழி தோண்டச் சொல்லியிருந்தார் என்று ஒரு குழிவெட்டி சாட்சி சொன்னார். நைரோபிப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஒடேரா ஒருக்காவும் சாட்சிக் கூண்டில் ஏறினார். உடல் ஐந்து மாதம் பிணவறையில் கிடந்தது. 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்ல, அவர் சொந்த ஊரான, சியாயா மாவட்டத்தின் நியால்குங்காவில் அடக்கம் நடந்தது. வாம்புயி போகவில்லை.

1963-இல் கட்டிய மனைவி, அவள் பெற்ற பிள்ளைகள். அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் இவர்கள் நுழையக்கூட முடியவில்லை. அவளும் ஒரு சமூகத்துக்காரிதானே? இரண்டு சமூகம் மோதும்போது எந்தச் சமூகம் பெரிது என்று உங்கள் உபுண்டு சொல்லுமா?

சொல்லாது என்றும் அடித்துப் பேச முடியாது. 1995-இல் தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது நீதிபதிகள் பலர் உபுண்டுவைத்தான் துணைக்கு அழைத்தார்கள். பொதுஜன அபிப்பிராயம் தூக்குக்குச் சாதகமாக இருந்தாலும் அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது தீர்ப்பு. கொலைகாரன் என்ற ஒற்றை ஆளைக் காப்பாற்ற, ஊருக்கு எதிராக உபுண்டு! இதை ஏனோ யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அதே நீதிமன்றம், 2004. கேப் டவுனை ஒட்டிய காயெலிட்ஷாவில் ஒரு தச்சர் இறந்துபோனார். மிஞ்சியது ஒரு சிறு குடிசை, அதில் அவர் துணைவியும் இரண்டு மகள்களும். வழக்காற்றுச் சட்டப்படி பெண்ணுக்குப் பங்கில்லை, மூத்த ஆண் வாரிசு நான்தான் என்று வந்தார் தச்சரின் அப்பா, அந்தப் பிள்ளைகளின் தாத்தா. வீட்டை விற்று ஈமச் செலவைக் கழித்துக்கொள்வதாக இருந்தார். மூத்த ஆணுக்கே சொத்து என்ற அந்த விதியை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. வீடு பிள்ளைகளுக்கு.

அந்தக் குடிசையில் உங்கள் ‘நாம்’ யார்? தாத்தாவா, அந்த இரண்டு பெண் குழந்தைகளா? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.