திருடனின் பாஸ்போர்ட் எதற்கு?

செய்தி மேசையில் தலை நரைத்த, இப்போது ஓய்வில் இருக்கும் உதவி ஆசிரியர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் குற்றச் செய்திகள் பற்றிய கேள்விகள்.

கேள்வி: கைதானவர் எந்த நாட்டுக்காரர் என்பதைச் சில செய்திகள் தலைப்பிலேயே போடுகின்றன. சில செய்திகள் கடைசி வரி வரை வாய் திறப்பதில்லை. இதற்கு விதி ஏதும் இல்லையா ஐயா?

இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஆசிரியர் நெறிமுறையின் 12-ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் இனம், நிறம், மதம் முதலியவை செய்திக்கு உண்மையிலேயே தொடர்புடையவையாக இருந்தால் ஒழிய எழுதக் கூடாது என்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பட்டியலில் குடியுரிமை இல்லை.

எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தன் நடைக் கையேட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு. போலீஸ் தேடும் ஆளின் அடையாளம் விரிவாகவும் நம்பத்தக்கதாகவும் இருந்தால் இனத்தையும் சேர்த்து எழுதலாம். ஆள் பிடிபட்டதும் அதை எடுத்துவிட வேண்டும். தேடுவதற்குத்தானே அந்த விவரம்? தேடல் முடிந்தபின் அதற்கு வேலை இல்லை. 'விரிவாக' என்ற நிபந்தனையையும் கவனியுங்கள். உயரம், சட்டை நிறம், தழும்பு, வண்டி எண் எதுவும் இல்லாமல் 'ஆசிய இளைஞர் தேடப்படுகிறார்' என்று மட்டும் போட்டால், படிப்பவர் யாரைத் தேடுவார்? கண்ணில் படும் ஆசிய இளைஞர் அத்தனை பேரையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

கேள்வி: உண்மையைத்தானே எழுதுகிறார்கள்? திருடியவர் வெளிநாட்டவர் என்றால் அப்படி எழுதுவதில் என்ன தவறு?

இரவு பதினொரு மணிக்கு மேசைக்கு வரும் பிரதி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். "வெளிநாட்டைச் சேர்ந்த 34 வயது நபர் கடை ஒன்றில் செல்போன் திருடியபோது பிடிபட்டார். அவர் வேலை தேடி வந்தவர். போலீசார் விசாரித்து வருகின்றனர்." அவ்வளவுதான். எப்படிப் பிடிபட்டார், யார் பிடித்தார்கள், எந்தப் பிரிவில் வழக்கு, அவர் தரப்பில் என்ன சொல்கிறார் என்று எதுவும் இல்லை. அதையெல்லாம் தெரிந்துகொள்ள நிருபர் நாலு இடத்துக்குப் போக வேண்டும், நாலு பேருக்குப் போன் போட வேண்டும். நாட்டின் பெயரோ போலீஸ் குறிப்பிலேயே ஒரு கட்டத்தில் நிரப்பப்பட்டு, செலவில்லாமல் வந்து சேர்கிறது. கையில் கிடைத்த ஒரே சரக்கு என்பதால் அது முதல் பத்தியில் ஏறுகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லாததால் தலைப்பிலும் ஏறுகிறது. பல வேளைகளில் இதற்குக் காரணம் வெறுப்பு அல்ல, சோம்பல். இரண்டின் விளைவும் ஒன்று என்பதுதான் சங்கடம்.

இதே திருட்டை உள்ளூர்க்காரர் செய்திருந்தால்? '34 வயது டிரைவர்' என்றோ 'கடன் தொல்லையில் இருந்தவர்' என்றோ எழுதுவோம். அவருக்குத் தொழில் உண்டு, குடும்பம் உண்டு, மன உளைச்சல் உண்டு. மற்றவருக்கு நாடு மட்டும்தான் உண்டு. தனித்தனியாக எடுத்தால் இரண்டு செய்தியிலும் பொய் இல்லை. ஆண்டு முழுவதும் வந்த செய்திகளை அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் கோணல் தெரியும். ஜெர்மனியில் தாமஸ் ஹெஸ்டர்மான் என்ற ஊடக ஆய்வாளர் அப்படித்தான் பார்த்தார். சந்தேக நபரின் நாட்டைக் குறிப்பிட்ட வன்முறைச் செய்திகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டவரைப் பற்றியவை. அந்த நாட்டுப் போலீஸ் புள்ளிவிவரத்திலோ வன்முறைக் குற்றச் சந்தேக நபர்களில் பெரும்பான்மையினர் ஜெர்மானியர்.

கேள்வி: மறைத்தால் மட்டும் நல்லதா? பத்திரிகை மூடி மறைக்கிறது என்ற எண்ணம்தானே வரும்?

வரும். வந்தும் இருக்கிறது. 2015 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டு பிறக்கும் இரவில், ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்தைச் சுற்றி ஏராளமான பெண்கள் பாலியல் தொல்லைக்கும் திருட்டுக்கும் ஆளானார்கள். மறுநாள் காலை போலீஸ் வெளியிட்ட அறிக்கையோ கொண்டாட்டம் பெருமளவு அமைதியாக நடந்தது என்றது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் பலர் வட ஆப்பிரிக்க நாட்டவர் என்ற தகவல் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. இசட்.டி.எஃப். தொலைக்காட்சி ஜனவரி 4-ஆம் தேதி மாலைச் செய்தியில் இந்தச் சம்பவத்தையே சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அதற்காக வருத்தம் தெரிவித்தது. தேவையில்லாத இடத்தில் நாட்டைச் சொல்வது எவ்வளவு கெடுதலோ, ஊரே பேசும் விஷயத்தில் மௌனம் காப்பதும் அவ்வளவு கெடுதல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு, 2017 மார்ச்சில், ஜெர்மன் பத்திரிகை மன்றம், சந்தேக நபரின் இனம், மதம் போன்றவற்றைக் குறிப்பிடுவது பற்றிய தன் 12.1 விதியைத் திருத்தியது. முன்பு, குற்றத்தைப் புரிந்துகொள்ள அந்த விவரம் தேவை என்று காட்ட முடிந்தால் மட்டுமே குறிப்பிடலாம். இப்போது, நியாயமான பொதுநலன் இருந்தால் குறிப்பிடலாம்; வெறும் ஆவல் பொதுநலன் ஆகாது. வாசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. பொதுநலனுக்கும் ஆவலுக்கும் நடுவே கோடு போடும் வேலை, வழக்கம்போல, அரைத்தூக்கத்தில் இருக்கும் இரவுப் பணி ஆசிரியர் தலையில்.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கைதானவருக்கு 17 வயது என்பதால் பெயரை வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் முஸ்லிம் பெயர்போல ஒலிக்கும் ஒரு பொய்ப் பெயரும், படகில் வந்த அகதி என்ற கதையும் இணையத்தில் பரவின. மறுநாளே அந்த ஊர் மசூதி தாக்கப்பட்டது. கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. கைதானவர் பிரிட்டனுக்குள்ளேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவர். 2025 மே மாதம் லிவர்பூலில் கால்பந்து வெற்றி ஊர்வலத்தில் கூட்டத்துக்குள் கார் பாய்ந்தபோது, கைதானவர் 53 வயது வெள்ளை இன பிரிட்டிஷ்காரர் என்று போலீஸ் சில மணி நேரத்திலேயே அறிவித்துவிட்டது. வதந்தி பெரிதாகத் தலைதூக்க இடம் கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் போலீஸ் தலைமை, பரபரப்பான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தையும் குடியுரிமையையும் வெளியிடுவது பற்றி யோசிக்கும்படி வழிகாட்டுதலே கொடுத்தது.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. 'வெள்ளையர்' என்று சொன்னால் கூட்டம் கலைகிறது. சொல்லாத நாளில், 'அப்படியானால் வேறு ஆள்தான்' என்று கூட்டமே முடிவு கட்டிவிடும். சொல்வதென்றால் இத்தகைய வழக்கு எல்லாவற்றிலும் சொல்ல வேண்டும். ஆள் பார்த்துச் சொல்லக் கூடாது.

கேள்வி: அப்படியானால் எல்லாக் குற்றச் செய்தியிலும் எல்லோருடைய நாட்டையும் போட்டுவிட்டால் சண்டை தீர்ந்ததே?

டிரெஸ்டன் நகரின் சேக்சிஷ ட்சைட்டுங் நாளிதழ் 2016-இல் இந்த முடிவைத்தான் எடுத்தது. சந்தேக நபர் ஜெர்மானியர் என்றாலும் அதையும் எழுதுவோம் என்றது. பாரபட்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் மிதிவண்டித் திருட்டைப் பற்றிப் படிக்கும்போதும் 'எந்த நாடு?' என்று கேட்கும் பழக்கத்தை வாசகருக்கு நாமே ஊட்டுகிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆள் கடத்தல், நாடு கடத்தும் வழக்கு, தூதரகம் தலையிட்ட விவகாரம், இனப் பகையால் நடந்த கொலை என்றால் நாடோ இனமோ இல்லாமல் செய்தியே இல்லை. அங்கே ஒளிவுமறைவின்றிப் போடுங்கள். மிதிவண்டிக்கு வேண்டாம்.

கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டவரின் இனத்தைச் சொல்லலாமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. 2000 முதல் 2006 வரை ஜெர்மனியில் ஒன்பது சிறு வியாபாரிகளும் தொழிலாளிகளும் ஒரே துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கி வழி வந்தவர்கள், ஒருவர் கிரேக்கர். பத்திரிகைகள் அந்தக் கொலைகளுக்குத் துருக்கிக் கடைகளில் விற்கும் இறைச்சிப் பண்டத்தின் பெயரை வைத்து, 'டோனர் கொலைகள்' என்றே எழுதின. இத்தனைக்கும் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பூ வியாபாரி, ஒருவர் தையல்காரர். துருக்கியருக்குள் ஏதோ கடத்தல் தகராறு என்ற எண்ணத்தில் போலீசும் இறந்தவர்களின் குடும்பங்களையே குடைந்து குடைந்து விசாரித்தது. கொன்றவர்கள் நவநாஜிக் கும்பல் என்பது 2011-இல்தான் தெரிந்தது. சில குடும்பங்கள் அதற்குள் பத்தாண்டுக்கும் மேல் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்து முடித்திருந்தன.

இங்கே இனத்தைச் சொல்லியிருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அதுவே கொலைக்குக் காரணம். சொன்ன விதம்தான் அக்கிரமம்.

கேள்வி: 'இன்ன நாட்டு வம்சாவளி' என்று எழுதுகிறார்களே, அது என்ன கணக்கு?

குடியுரிமையைப் போட்டால் 'உள்நாட்டவர்' என்று வந்துவிடுமே என்ற ஏமாற்றத்தில் பிறக்கும் கணக்கு. அதே ஆள் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கட்டும், வம்சாவளி காணாமல் போய்விடும்.

கேள்வி: இப்படிப்பட்ட செய்தி கண்ணில் பட்டால் வாசகர் என்ன செய்ய முடியும்? புகார் எழுதினால் யாராவது படிப்பார்களா?

பிரிட்டனில், முதலில் சொன்ன ஆசிரியர் நெறிமுறையின் 12-ஆவது பிரிவு தனிநபரை மட்டுமே காக்கிறது. ஒரு சமூகத்தையே இழிவுபடுத்திவிட்டார்கள் என்று அந்தப் பிரிவின் கீழ் புகார் கொடுத்தால் எடுபடாது. தகவல் பிழை இருந்தால் அந்த வழியில் போகலாம். மற்றபடி ஆசிரியருக்கே எழுதுங்கள். கோபமாக நாலு பக்கம் எழுத வேண்டாம், அதை நாங்கள் முதல் பத்தியோடு மடித்துவைத்துவிடுவோம். அதே பத்திரிகையில் அதே வகைக் குற்றம் பற்றி வந்த இரண்டு செய்திகளை, வெளிநாட்டவர் ஒன்று, உள்ளூர்க்காரர் ஒன்று, நறுக்கி ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தேதியைப் போட்டு அனுப்புங்கள். கீழே ஒரு வரி போதும்: 'வித்தியாசம் ஏன்?' ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தாள் கைமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பதில் கடிதம் வராமல் போகலாம், அடுத்த வாரத் தலைப்பைக் கவனியுங்கள்.